டெஸ்க்டாப் மறைந்து மறைந்து வருவதற்கு விண்டோஸை மாற்ற வேண்டாம்

டெஸ்க்டாப் மறைந்து மறைந்து வருகிறது, விண்டோஸை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். விண்டோஸை அழித்து மறுபடி போட வேண்டியதில்லை. அதற்காகக் கம்ப்யூட்டரைக் காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். ஆன் செய்த சிறிது நேரத்தில் டாஸ்க்பாரும் ஐகான்களும் மறைந்து மறைந்து வருகின்றன, மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் நின்று நின்று போவது எக்ஸ்ப்ளோரர், அதாவது டாஸ்க்பாரையும் ஐகான்களையும் காட்டும் விண்டோஸின் பகுதி மட்டும்தான். பெரும்பாலும் விண்டோஸுக்குப் பிறகு நீங்கள் போட்ட ஏதோ ஒரு மென்பொருள்தான் காரணமாக இருக்கும். ரைட் கிளிக் மெனுவில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் ரகத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

1. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டெஸ்க்டாப் இல்லாவிட்டாலும் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் பகுதியில், அதாவது ஆன் செய்ததும் தானாகத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியலில், நீங்களாகப் போட்டவற்றை டிசேபிள் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

2. அப்போதும் நிற்கவில்லையா? பிழைகளை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்று போங்கள். சிவப்புக் குறியோடு எக்ஸ்ப்ளோரர் பெயரில் உள்ள பிழையைத் திறந்து, ஃபால்ட்டிங் மாட்யூல் (எந்தக் கோப்பில் பிழை நேர்ந்தது) என்ற வரியைப் பாருங்கள். அங்கே ஏதாவது ஸ்கேனர், ஜிப் மென்பொருளின் கோப்பு இருந்தால் அந்த மென்பொருளை நீக்குங்கள். என்டிடிஎல்எல் (ntdll.dll) என்றிருந்தால் அது விண்டோஸின் சொந்தக் கோப்பு. அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடிலும் இதே மாதிரி மறைந்தால் ஹார்ட் டிஸ்க் பழுதாகவும் இருக்கலாம். ஐயாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில்தான் இருக்கின்றன என்றீர்களே, மற்ற எதையும் தொடுமுன் அவற்றைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள்.