பேரனுக்கு இரண்டேகால் வயது, இன்னும் பேச்சு வரவில்லை

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மகன் வழிப் பேரனுக்கு இரண்டேகால் வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்து பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கும் வைத்தார்கள். 14 மாதத்தில் நடந்துவிட்டான், இப்போது ஓடுகிறான், திண்ணையில் ஏறிக் குதிக்கிறான். பேச்சு மட்டும் இல்லை. 'ம்மா', 'ஆ' என்று சத்தம் கொடுப்பதோடு சரி. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் கண்டுகொள்ள மாட்டான். போனில் பாட்டுப் போட்டால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான், அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது. என் மகனும் மூன்று வயதில்தான் பேசினான். மருமகள் என் அண்ணன் மகள். பக்கத்து வீட்டில் ஒருவர் ஆட்டிசம் என்கிறார், இன்னொருவர் மூளை வளர்ச்சி இல்லை என்கிறார். வசம்பு உரசி நாக்கில் தடவி வருகிறோம், திருச்செந்தூருக்கும் நேர்ந்திருக்கிறோம். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா? என் பேரன் மாற்றுத்திறனாளிதானா?

பதில்: அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். பொறுக்க வேண்டாம். இந்த வாரமே காதைப் பரிசோதித்துவிடுங்கள். 'காது நன்றாக இருக்கிறது' என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

ஏனென்று சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் மேலூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஒன்றரை வயதுக் குழந்தையோடு வந்தார். பேச்சு இல்லை, ஆனால் காது கேட்கிறது என்றார். சொன்னதோடு நிற்காமல் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் சாவியால் தட்டிக் காட்டினார். குழந்தை சட்டென்று திரும்பியது. நானும் அதை நம்பி, 'ஆம்பளைப் பிள்ளை, மூன்று வயது வரை பார்க்கலாம்' என்று அனுப்பிவிட்டேன். மூன்றரை வயதில் திரும்பக் கூட்டி வந்தபோது முறையாகப் பரிசோதித்தோம். இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. அப்படியானால் அன்றைக்கு எப்படித் திரும்பினான்? எதிரே அவனுடைய சித்தி உட்கார்ந்திருந்தார். டம்ளர் தட்டப்பட்டதும் அவர் கண் அந்தப் பக்கம் போனது. சித்தியின் கண் போன திசையில் குழந்தையின் கண்ணும் போயிருக்கிறது. காது கேளாத பிள்ளைகள் கண்ணால் அவ்வளவு கூர்மையாகப் படிப்பார்கள். அந்தக் குழந்தை இழந்த இரண்டு வருடத்துக்கு என் வாய்ச்சொல் காரணம். அதன் பிறகு பேச்சு வரவில்லை என்று யார் வந்தாலும் காதைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

போன் பாட்டுக்கு ஓடி வருவதும் இப்படித்தான். காது குறைபாடு என்றால் முழுச் செவிடு என்று நினைத்துக்கொள்கிறோம். பல குழந்தைகளுக்குத் தாழ்ந்த சுருதி கேட்கும், உயர்ந்த சுருதி கேட்காது. மேளம், மோட்டார், கதவு அறையும் சத்தம், பாட்டின் தாளம் எல்லாம் காதுக்கு வந்துவிடும். பேச்சில் வரும் ச, ஸ, த, க போன்ற மெல்லிய ஒலிகள் வராது. நீங்கள் 'சாப்பாடு' என்றால் அவனுக்கு 'ஆ...ஆ...உ' என்று மட்டும் விழும். 'தாலாட்டு', 'பாராட்டு' என்றாலும் அதேதான் விழும். எல்லா வார்த்தையும் ஒரே மாதிரி கேட்டால் பிள்ளை எதைப் பிடித்துப் பேசுவது? சில நேரம் திரும்புகிறான், சில நேரம் கண்டுகொள்வதில்லை என்று நீங்கள் சொல்வதும் இந்த வகைக்குப் பொருந்துகிறது.

உங்கள் பேரனுக்குக் காதைச் சந்தேகிக்க வேறு காரணங்களும் உண்டு. குறைமாதம், கண்ணாடிப் பெட்டி வாசம், மஞ்சள் காமாலை, அந்த நேரத்தில் போட்டிருக்கக்கூடிய சில கிருமிக்கொல்லி ஊசிகள், இவை நான்குமே காதுக் குறைபாட்டோடு தொடர்புள்ளவை. ஊசி போட்டவர்களைக் குறை சொல்லவில்லை, அது உயிரைக் காக்கப் போட்டது. அதன் பிறகு காதைச் சோதித்திருக்க வேண்டும், பல இடங்களில் அது விட்டுப்போகிறது. அடுத்தது சொந்தத்தில் கல்யாணம். நம் பக்கத்தில் முறைப்பெண், முறை மாப்பிள்ளை என்பது உறவு விட்டுப்போகாமல் இருக்கச் செய்வது, அதை நான் அறிவேன். மாமன் மகள், அத்தை மகன் கட்டிக்கொண்டால் பிறவிக் குறை வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2, 3 என்பதிலிருந்து 4, 6 வரை உயர்கிறது. நூற்றில் தொண்ணூற்று நாலு பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். ஆகவே அண்ணன் மகளை எடுத்ததற்கு நீங்கள் இப்போது மனம் நோக வேண்டாம், மருமகளையும் யாரும் நோகடிக்க வேண்டாம். கிரகணத்தில் வெளியே போனாள், கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டாள் என்றெல்லாம் பேச்சு வரும். அது எதுவும் காரணமில்லை. அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

சரி, காது நன்றாக இருந்துவிட்டால்? அப்போதுதான் மற்றதை யோசிக்க வேண்டும். பேச்சு வராதது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி, நோயின் பெயர் அல்ல. காது, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, வாய்த் தசைகளைப் பாதிக்கும் மூளை முடக்குவாதம், இவை எதுவும் இல்லாமல் பேச்சு மட்டும் தாமதிப்பது, எல்லாமே வெளியே பார்க்க 'பேசவில்லை' என்றுதான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. திண்ணையிலிருந்து பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

ஆனால் நீங்கள் வீட்டில் கவனித்து மருத்துவரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். இரண்டு மூன்று நாள் அவனைச் சும்மா பாருங்கள். தெருவில் மாடு போகும்போது 'அந்தா மாடு பாரு' என்று விரல் நீட்டுங்கள். அவன் உங்கள் விரலைப் பார்க்கிறானா, மாட்டைப் பார்க்கிறானா? மாட்டைப் பார்த்துவிட்டு, 'பார்த்தேன்' என்பது போல உங்கள் முகத்தைத் திரும்பப் பார்க்கிறானா? அந்தத் திரும்பப் பார்ப்பது மிக முக்கியம். பேச்சு வருவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் கண்ணால் பேசுகிறார்கள். காது மட்டும் கேட்காத பிள்ளை பெரும்பாலும் உங்கள் முகத்தையே தேடும், கையால் காட்டும், இழுத்துப் போய்க் காட்டும், சிரித்தால் சிரிக்கும். ஆட்டிசம் இருந்தால் இந்தப் பகிர்தல்தான் குறைவாக இருக்கும். பிஸ்கட் வேண்டுமென்றால் உங்கள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் ஒரு கருவி போலப் பிடித்து டப்பாமேல் வைப்பான். பொம்மைக் காரை ஓட்டாமல் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பான். செருப்புகளை வரிசையாக அடுக்குவான், ஒன்றை நகர்த்தினால் துடித்துப்போவான். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவான். இதில் ஒன்றிரண்டு எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும், ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல சேர்ந்து, எல்லா இடத்திலும், விடாமல் இருக்கிறதா என்பதே கேள்வி.

அப்புறம் இன்னொன்று. கையால் சைகை காட்டாமல், கண்ணால்கூடக் காட்டாமல், 'செருப்பை எடுத்துட்டு வா' என்று சொல்லிப் பாருங்கள். எடுத்து வந்தால் ஓரளவு கேட்கிறது, புரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம், அதற்காகக் காதுப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். சைகையோடு சொன்னால் மட்டும் செய்கிறான் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பொம்மைக்குச் சோறு ஊட்டுவது, காலி டம்ளரில் காபி குடிப்பது போல விளையாடுகிறானா என்றும் பாருங்கள். அறிவுசார் குறைபாட்டில் பேச்சோடு விளையாட்டு, புரிதல், தன் வேலையைத் தானே செய்வது எல்லாமே சேர்ந்து பின்தங்கும். 14 மாதத்தில் நடந்தது, அதுவும் குறைமாதப் பிள்ளை, நல்ல செய்தி. மூளை முடக்குவாதம் இருக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் கழுத்து நிற்பதிலிருந்தே தாமதம் தெரியும். நான்கு மாதம் தாண்டியும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடியே வைத்திருப்பது, தூக்கினால் கால் கத்திரிக்கோல் போலப் பின்னிக்கொள்வது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, இவை அதன் அடையாளங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார் என்பதைத் தள்ளிவிடவில்லை, சில குடும்பங்களில் அது உண்மைதான். ஆனால் பரிசோதித்து எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் அந்தச் சமாதானத்துக்கு இடம். 16 மாதத்துக்குள் ஒரு வார்த்தை, இரண்டு வயதுக்குள் 'பால் தா', 'தாத்தா வா' போல இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவது வர வேண்டும். வராவிட்டால் காட்ட வேண்டும். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும்.

மாற்றுத்திறனாளியா என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசோதனைக்கு முன்னால் அந்த வார்த்தையை அவன்மேல் வைக்க முடியாது. ஆனால் அந்த வார்த்தைக்குப் பயந்து பரிசோதனைக்கே போகாமல் இருக்கிற குடும்பங்களை வாராவாரம் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016இல் வந்த சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. பார்வை, காது, கை கால் மட்டுமில்லை, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா போன்ற இரத்த நோய்கள், பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் வரைக்கும் அதில் உண்டு. பாதிக்கு மேல் பார்த்த மாத்திரத்தில் தெரியாதவை.

இதில் சிலவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் உறவில் யாருக்காவது உதவும். தசைச்சிதைவு என்றால், நான்கைந்து வயதுப் பையனுக்குக் கெண்டைக்கால் உருண்டு திரண்டிருக்கும், 'பயில்வான் மாதிரி இருக்கான்' என்று பெருமைப்படுவார்கள். அவன் தரையிலிருந்து எழும்போது பாருங்கள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுந்தால், அது பலமில்லை, பலவீனம். உடனே காட்ட வேண்டும். கண்ணில் என்றால், போட்டோவில் கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது, கண்ணுக்குள் கட்டியாக இருக்கலாம். கற்றல் குறைபாட்டை ஏழு, எட்டு வயதுக்கு முன் சொல்ல முடியாது. வாயால் கேட்டால் எல்லாம் சொல்லும் பிள்ளை எழுதும்போது மட்டும் திணறினால் சோம்பேறி என்று அடிக்காமல் கூட்டி வாருங்கள்.

குறை இருந்தால் வாழ்க்கை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு நான் மதுரை அண்ணா நகர்ப் பக்கம் கைகாட்டுவேன். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைப் பிடித்துப் பழகி ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை செய்தார்.

வசம்பை நிறுத்திவிடுங்கள். பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை, காதிலும் மூளையிலும் தொடங்குகிறது. வசம்பு அதிகமானால் விடாத வாந்தி வரும். நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் சம்மதிக்காதீர்கள், பேச்சே வராததற்கு அது காரணமாகாது. நேர்த்திக்கடன் உங்கள் விருப்பம். ஐந்து வயது வரை பேசாத பிள்ளை செந்தூரில் வாய் திறந்து பாடிய கதையை நானும் என் பாட்டி மடியில் கேட்டவன்தான். திருச்செந்தூருக்குப் போங்கள், ஆனால் காதுப் பரிசோதனையை முடித்துவிட்டுப் போங்கள். அந்த ஐந்து வயதுக்குக் காத்திருக்க நம்மால் முடியாது. காதிலிருந்து மூளைக்குப் போகும் பாதை முதல் மூன்று, மூன்றரை வருடத்தில்தான் நன்றாகப் பதியும். கடுமையான குறைபாடு என்றால் உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இலவசமாகக் கிடைக்கிறது. ஐந்தே முக்காலில் செய்வதற்கும் இரண்டரையில் செய்வதற்கும் பேச்சில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

போனை இன்றோடு எடுத்து வைத்துவிடுங்கள். இந்த வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தத் திரையும் கூடாது, உங்கள் பேரனுக்கு அதுவும் வேண்டாம். அவன் உயரத்துக்குக் குனிந்து, முகத்துக்கு நேராக, செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். சைகையும் காட்டுங்கள். சைகை காட்டினால் பேச மாட்டான் என்பது தவறு.

மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம், பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளை மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பரிசோதனையில் குறை உறுதியாகி 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று வந்தால், தயங்காமல் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள். முத்திரை குத்திவிடுவார்களே என்று பலர் ஒளிக்கிறார்கள். பள்ளியில் சலுகை, உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் அந்த அட்டையை வைத்துத்தான் கிடைக்கின்றன.

கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், என்ன ஊசி, காமாலை எவ்வளவு என்பது அதில் இருக்கும். காதுப் பரிசோதனை இரண்டு வகை. ஒன்று சில நிமிடத்தில் முடியும். 'பெரா' என்பது குழந்தை தூங்கும்போது தலையில் ஒயர் ஒட்டி எடுப்பது. அதனால் அன்று காலை விடியும் முன்பே அவனை எழுப்பி விளையாட விடுங்கள். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் பாலை எப்போது நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அவன் போர்த்திக்கொள்ளும் பழைய சேலைத் துணியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வந்து இறங்கும் வரை பஸ்ஸில் மட்டும் அவனைத் தூங்க விட்டுவிடாதீர்கள்.