பகிடிக்கு முன்னால் செய்தி

அன்புள்ள ஐயா,

கொஞ்சக் காலமாக ஜோன் ஸ்டூவர்ட், ஜோன் ஒலிவர் இவர்களின் செய்திப் பகிடி நிகழ்ச்சிகளில் மூழ்கிக் கிடக்கிறேன். யூடியூபில் ஒன்றாவது பார்க்காமல் படுப்பதில்லை. 'அமெரிக்கக்காரன் அரசியல் உனக்கெதற்கு' என்று சினேகிதர்கள் நக்கலடிக்கிறார்கள். செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டேன், இவர்கள் சொன்னால் போதும் என்றிருக்கிறது. நம் ஊரிலிருந்து தமிழில் இப்படி ஒன்று செய்ய ஆசை. நம் ஆட்கள் ஏன் செய்யவில்லை? பயமா? எங்கே தொடங்கலாம்?

வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

சினேகிதர்கள் சொல்வதை விடுங்கள். நானும் ஸ்டூவர்ட்டை விரும்பிப் பார்ப்பவன். 1999இல் 'த டெய்லி ஷோ'வுக்கு வந்து 2015 வரை நடத்தியவர், 2024இல் திங்கட்கிழமைகளுக்குத் திரும்பியவர். 2010 டிசம்பரில் ஒருநாள், செப்டம்பர் 11 மீட்புப் பணியில் நோயாளிகளாகிப்போன நான்கு பேரை அழைத்து உட்காரவைத்து, அவர்களுக்கான மருத்துவ உதவிச் சட்டத்தை செனட் இழுத்தடிப்பதைப் பற்றிக் கதைத்தார். அந்த மாதமே சட்டம் நிறைவேறியது. அவர்மேல் பிரியம் வருவதில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் 'செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவதும் இதுதான். ஒலிவர் திரையில் காட்டுகிற துண்டுகளை எங்கோ ஒரு நிருபர் வெயிலில் நின்று எடுத்திருக்கிறார், எங்கோ ஒரு சபைக் கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஒலிவர் இதை மறைத்ததே இல்லை. 2016 ஆகஸ்டில், நலிந்துகொண்டிருக்கும் உள்ளூர்ப் பத்திரிகைகளுக்காகவே நிகழ்ச்சியின் பெரும்பகுதியை ஒதுக்கினார். தன்னுடைய நிகழ்ச்சியே அவற்றின் உழைப்பில்தான் நிற்கிறது என்றார். இவ்வளவு பெரிய ரசிகர், அதைப் பார்க்கவில்லையா?

பயமா என்று கேட்கிறீர்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! 2006 ஜனவரி 2, காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' பத்திரிகையின் நிருபர் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம் எடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. குண்டுக் கதை அதோடு எடுபடாமல் போயிற்று. அதே மாதம் 24ஆம் திகதி, வேலைக்குப் போக பஸ்ஸுக்காகக் காத்து நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் யாரும் பத்திரிகையை மேசையில் விரித்து வாசிக்கவில்லை. அம்மா அதை மடித்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார், எறியவும் விடவில்லை. மாணவர்கள் வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் குண்டு கொண்டு திரிந்தவர்கள் என்று இன்றைக்கு ஒருவரும் நம் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. அதைச் செய்தது ஒரு உள்ளூர் நிருபரின் கேமரா. அமெரிக்க செனட்டர்களின் பெயர்களெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுகிர்தராஜனின் பெயர் உங்கள் சினேகிதர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டுப் பாருங்கள்.

நம் ஆட்களுக்குப் பகிடி வராது என்று நினைக்காதீர்கள். எந்தத் தேநீர்க் கடையிலும் அது தாராளமாக இருக்கிறது. யாருக்கு ஒப்பந்தம் போனது, எந்த வீதிக்கு எவ்வளவு செலவானது, அதைத் தேடி எழுதுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

சரி, எங்கே தொடங்குவது என்றீர்கள். உங்கள் பகுதிக்கான 'திருகோணமலை பட்டணமும் சூழலும்' பிரதேச சபைக் கூட்டத்துக்குப் போங்கள். யார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். 2016இன் தகவல் உரிமைச் சட்டப்படி கணக்குக் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள், தமிழிலேயே கொடுக்கலாம். கிடைப்பதை எனக்கும் அனுப்புங்கள், நான் உட்கார்ந்து வாசிக்கிறேன். மேசையும் கோட்டும் கேமராவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.