மூன்று துண்டு மர வில்: கேட்டவர்களுக்குப் பதில்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நான் மரம் இழைப்பதைப் பார்த்தவர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் செய்வது கழற்றி மாட்டும் வில். நடுவில் கைப்பிடியான ரைசர், மேலும் கீழும் வளையும் லிம்ப் இரண்டு. போல்ட்டைக் கழற்றினால் மூன்று துண்டு, ஒரு பையில் அடங்கிவிடும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, சூளைப் பகுதியில் தேக்குத் துண்டு வாங்கினேன். முழு வில்லும் அதிலேயே செய்யலாமா?

ரைசருக்கு வை தம்பி, லிம்புக்கு வேண்டாம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த உடனே ஒட்டு. லிம்பின் முதுகுக்கு, அதாவது எய்பவரைப் பார்க்காத பக்கத்துக்கு, மூங்கில்தான் என் தேர்வு. இழுவையைத் தாங்கும் நார் மூங்கிலின் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் இழைப்புளி படவே கூடாது, பச்சைத் தோலை மட்டும் சுரண்டு. வயிற்றுப் பக்கம் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதற்கு வைரம் பாய்ந்த கருவேலம், கணு இல்லாமல், இழை நேராக ஓடும் துண்டாகப் பார்த்து எடு.

காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை செய்பவர்: லிம்பின் அடுக்குகளை ஒட்ட, எங்களிடம் இருக்கும் ரெசினும் கண்ணாடி இழை விரிப்பான ‘மேட்’டும் போதாதா?

போதாது அண்ணே. படகுக்குப் போடும் ‘மேட்’டில் கண்ணாடி இழை எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும். வில்லுக்கு எல்லா இழையும் நீளவாக்கில் ஓட வேண்டும். நீங்கள் வைத்திருப்பது பாலியஸ்டர் ரெசின் என்றால் மரத்தோடு அதன் பிடிப்பு குறைவு. எபாக்ஸி பசை வாங்குங்கள், மெதுவாக இறுகும் வகை. ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம். தச்சர்களின் வெள்ளைப் பசையும் லிம்புக்கு ஆகாது. வெயிலில் நாண் ஏற்றி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

மாதவரத்திலிருந்து: சார், அளவு சொல்லுங்கள்.

நாணை 28 அங்குலம் இழுப்பவருக்கு வில் மொத்தம் 68 அங்குலம். ரைசர் 16, இருபுறமும் வெளியே தெரியும் லிம்ப் 26. ரைசர் மேல் உட்காரும் பகுதிக்கு மூன்று, நான்கு அங்குலம் கூடுதலாக விடுங்கள். ரைசர் வளையாது, வளைவு முழுவதும் லிம்பில்தான் நடக்கும். அதனால் முதல் வில்லில் நீளத்தைக் குறைக்காதீர்கள்.

புளியந்தோப்பிலிருந்து: போல்ட் போட்ட இடத்திலேயே என் லிம்ப் பிளந்துவிட்டது. ஏன்?

துளையை வளையும் பகுதியில் போட்டிருப்பீர்கள். லிம்ப் ரைசர் மேல் உட்காரும் முனையில் ஆப்பு வடிவத் துண்டை ஒட்டித் தடிமனாக்கி, வளையாத அந்த இடத்தில்தான் துளை வர வேண்டும். ரைசரில் உள்மரை உள்ள பித்தளைப் புஷ்ஷை எபாக்ஸியோடு இறக்குங்கள். 8 மில்லி போல்ட் போதும், தலைக்கு அடியில் அகலமான வாஷர் கட்டாயம். பாரிமுனைப் பக்கம் லிங்கி செட்டி தெருவில் விசாரித்தால் கிடைக்கும்.

போல்ட்டின் வேலை பிடித்து வைப்பது மட்டும். லிம்ப் திரும்பாமல் நேராக நிற்க, பக்கத்தில் ஒரு எஃகு முளை தனியாக வேண்டும். முளைக்குத் துளையிடும் முன் இரண்டு நுனிக்கும் நடுவே நூல் கட்டிப் பாருங்கள். நூல் ரைசரின் நடுக்கோட்டின் மேல் விழ வேண்டும். ஒரு மில்லி விலகினாலும் உட்காரும் முகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சரி செய்த பிறகே துளை. நானே இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு ரைசரை வீணாக்கியிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: வளைவு ஒரே சீராக வரவில்லை அண்ணா. எங்கே சுரண்டுவது?

கண்ணை மட்டும் நம்பாதே. ஆறு அங்குலக் கட்டை ஒன்றை நேராக இழைத்து, நடுவில் துளையிட்டு, பென்சில் முனை நூலளவு வெளியே தெரியும்படி செருகு. வில்லைக் கொஞ்சம் இழுத்து மாட்டி, லிம்பின் வயிற்றுப் பக்கம் கட்டையை ஓட்டு. வளைந்த இடத்தில் முனை தொடாது. வளையாத இடத்தில் கருப்புக் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் மட்டும் சுரண்டு. பிறகு முப்பது முறை மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி பார். சுரண்டிய பலன் உடனே தெரியாது, மரம் பழக வேண்டும்.

லிம்பின் விறைப்பு தடிமன் × தடிமன் × தடிமன் என்ற பெருக்கத்தைப் பொறுத்தது. 10 மில்லியை 9 ஆக்கினால் விறைப்பில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். அதனால் கடைசியில் அரத்தைக் கீழே வைத்துவிட்டு உப்புத்தாளை எடு.

திருவொற்றியூரிலிருந்து: கடல் பக்கத்து வீடு. நாணைக் கழற்றினாலும் வில் வளைந்தே நிற்கிறது.

ஈரம்தான் காரணம். கார்த்திகை மழையில் நான் செய்த முதல் ஜோடி லிம்ப் அப்படியே இரண்டு அங்குலம் வளைந்து நின்றுவிட்டது. அன்று எவ்வளவு மனம் நொந்தேன்! நம் கடற்கரைக் காற்றில் மரத்தை எத்தனை மாதம் வைத்தாலும் ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கடினம். வில்லுக்கு 8 முதல் 10 வேண்டும். நான் பிளைவுட் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்ப் போட்டு, காற்றுக்குச் சின்னத் துளை விட்டு, மரத்தை அடுக்கி வைக்கிறேன். சமையலறைத் தராசில் தினமும் எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் எடுத்து உடனே வேலையைத் தொடங்குங்கள். முடிந்ததும் நுனி, போல்ட் துளையின் உட்புறம் எல்லாம் சேர்த்து நாலு கை வார்னிஷ். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள்.

ராயபுரத்திலிருந்து ஒரு அக்கா: மகளுக்கு 12 வயது. வில்லை இழுக்கும் பலம் எவ்வளவு பவுண்டு வைக்கலாம்? போட்டிக்கும் ஆகுமா?

15 முதல் 18 பவுண்டுக்குள் ஆரம்பியுங்கள் அக்கா. கழற்றி மாட்டும் வில்லில் எனக்குப் பிடித்ததே இதுதான்: பிள்ளைக்குப் பலம் கூடும்போது ரைசரை அப்படியே வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் மாற்றலாம். போட்டி என்றால் நம் நாட்டு ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற போட்டிப் பிரிவில் பாரம்பரிய மூங்கில் வில்லோடுதான் 50, 30 மீட்டர் எய்கிறார்கள். அதன் விதியைப் பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு வில்லைத் தீர்மானியுங்கள். மொட்டை மாடியில் மட்டும் எய்ய விடாதீர்கள். சின்ன வில்லின் அம்பும் நாலு தெரு தாண்டிப் போய் விழும்.

மணலியிலிருந்து: அம்பு இல்லாமல் இழுத்து விட்டுப் பார்க்கலாமா? நாண் எது?

கூடவே கூடாது. அம்பில் போக வேண்டிய வேகம் முழுக்க லிம்பிலேயே அடிக்கும், ஒரே அடியில் பிளக்கலாம். மிக லேசான அம்பும் அப்படித்தான். 30 பவுண்டு வில்லுக்கு அம்பு சுமார் 20 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். நாண் டாக்ரான் என்ற பாலியஸ்டர் நூலில் திரியுங்கள். அது கொஞ்சம் இழுபடும், மர நுனியை வெட்டாது.