பித்தளையும் கண்ணாடியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாக மூன்றாண்டுகளாக ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் வசிக்கிறேன். பழைய ஜெர்மன் அறிவியல் கருவிகளைச் சேகரிப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் சந்தைகளுக்குப் போகத் தொடங்கினேன். சென்ற மாதம் ஒரு பித்தளை நுண்ணோக்கி கிடைத்தது. குதிரை லாட வடிவிலான அடிப்பகுதி, குழலில் ‘கார்ல் ஸைஸ், யெனா’ என்ற பொறிப்பு, பதினோராயிரத்துச் சொச்சம் வரிசை எண், பூட்டுச் சாவியோடு மரப்பெட்டி, ஏ, டி என்று எழுத்திட்ட இரண்டு வில்லைகள், 1/12 என்று குறித்த மூன்றாவது வில்லை. குழல் பல இடங்களில் கறுத்துப் போயிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று அம்மா தொலைபேசியில் சொல்கிறார். கடைக்காரரோ ஒரு டப்பா பாலிஷையே சேர்த்துக் கொடுத்துவிட்டார். 1/12 வில்லையில் எதைப் பார்த்தாலும் பனிமூட்டமாகத் தெரிகிறது. இந்த விலைக்குப் புதிய நுண்ணோக்கியே வாங்கியிருக்கலாம், இது வெறும் அலங்காரப் பொருள் என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். நான் ஏமாந்துவிட்டேனா?

அன்புடன்,
ம., எர்ஃபுர்ட்

அன்புள்ள ம.,

முதலில் அந்தப் பாலிஷ் டப்பாவை மூடி வையுங்கள். புளியும் வேண்டாம். நம் வீட்டுக் குத்துவிளக்கு வெறும் பித்தளை; தேய்க்கத் தேய்க்க அது தன் நிறத்துக்குத் திரும்பும். உங்கள் நுண்ணோக்கியின் பொன்னிறமோ பித்தளையின் நிறம் அன்று, அதன்மேல் பூசப்பட்ட அரக்கின் நிறம். அவல் அரக்கை (ஷெல்லாக்) சாராயத்தில் கரைத்து, சாயம் சேர்த்து, சூடாக்கிய பித்தளையின்மேல் மெல்லிய தூரிகையால் ஒரே சீராக இழுப்பது அந்தக் காலப் பட்டறைகளில் தனித் திறமையாக மதிக்கப்பட்டது. அந்த அரக்கும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனதுதான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாலிஷ் போட்டால் அது உரிந்துவிடும். ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். சேகரிக்கத் தொடங்கிய முதல் வருடம் வெட்ஸ்லரில் செய்யப்பட்ட ஒரு லைட்ஸ் நிறுவன நுண்ணோக்கியை ஒரு மதியம் முழுக்கத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கினேன். மாலையில் பார்த்தபோது பொறிப்பெழுத்துகளில் நிரப்பியிருந்த கறுப்பு மையும் துணியோடு போயிருந்தது. இன்றும் அது என் அலமாரியில், எழுத்துத் தெரியாமல் மினுமினுத்துக்கொண்டு நிற்கிறது.

உங்கள் கருவியில் எங்கெங்கே கறுத்திருக்கிறது என்று கவனியுங்கள். குவியப்படுத்தும் திருகின் விளிம்பு, குழலில் விரல்கள் பற்றும் இடம், மேடையின் ஓரம் ஆகியவற்றில்தான் அரக்கு தேய்ந்திருக்கும். யாரோ ஒருவர் பல வருடங்கள் அதே கையால் அதே இடத்தைப் பிடித்திருக்கிறார். லேசாக ஈரமாக்கிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். திருகு இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளேயிருக்கும் பழைய மசகு பிசினாகிப் போயிருக்கும்.

காலத்தைப் பற்றி. ஸைஸ் 1846-இல் யெனாவில் பட்டறை தொடங்கினார். ஆயிரமாவது நுண்ணோக்கி வெளிவந்தது 1866-இல், பத்தாயிரமாவது 1886-இல். ஆகவே உங்கள் பதினோராயிரம் 1887-ஐ ஒட்டியதாக இருக்கும், அதாவது 1888-இன் இறுதியில் மறைந்த முதலாளி உயிரோடு இருந்தபோது செய்தது. வில்லையின் குறுக்குவெட்டு வடிவச் சட்டத்துக்குள் பெயரை எழுதும் அவர்களுடைய சின்னம் 1904-இல்தான் வந்தது. ஆகவே உங்கள் குழலில் அது இருக்கக் கூடாது. இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.

ஆனால் நீங்கள் வாங்கியது பித்தளையை அன்று, கண்ணாடியை. பித்தளை வேலையில் அன்றைய ஆங்கிலேயப் பட்டறைகள் ஸைஸைவிட ஆடம்பரமாகவே செய்தன. யெனாவின் பெருமை குழலின் அடியில் திருகியிருக்கும் சுண்டுவிரல் பருமனுள்ள உருளைகளில் இருக்கிறது. 1866-க்கு முன் நுண்ணோக்கி வில்லைகள் பெரும்பாலும் முயன்று பார்த்தே செய்யப்பட்டன. கைத்தேர்ச்சி மிக்க தொழிலாளி வில்லைகளைத் தேய்த்து, அடுக்கி, பார்த்து, சரியில்லையென்றால் ஒன்றை மாற்றி, மீண்டும் பார்ப்பார். எந்த இரண்டு கருவியும் ஒன்றுபோல் இருக்காது. இதைக் கணக்காக மாற்ற வேண்டும் என்றுதான் ஸைஸ் அந்த ஆண்டில் யெனா பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபேயை அழைத்தார். ஆபேயின் முதல் முயற்சி தோற்றது. வில்லைக்குள் நுழையும் ஒளிக்கூம்பைச் சுருக்கினால் பிழைகள் குறைந்து படம் தெளியும் என்று கணக்கிட்டுச் செய்தார். படமோ பழைய கைவேலை வில்லைகளைவிட மோசமாக வந்தது. அந்தத் தோல்வியைத் துருவியபோதுதான், நுண்ணிய அமைப்பில் பட்டு விலகிச் சிதறும் ஒளியும் வில்லைக்குள் வந்து சேர்ந்தால்தான் அந்த அமைப்பு கண்ணுக்குத் தெரியும் என்பது அவருக்குப் புலப்பட்டது. ஒளியின் அலைநீளத்தை, வில்லை வாங்கும் ஒளிக்கூம்பின் அளவைக் குறிக்கும் எண்ணின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் தூரத்துக்குக் கீழே எதையும் பிரித்துக் காண முடியாது என்ற 1873-ஆம் ஆண்டுச் சூத்திரம் இதிலிருந்து வந்தது. யெனாவில் உள்ள அவருடைய நினைவுக்கல்லில் அதைப் பொறித்திருக்கிறார்கள். எர்ஃபுர்ட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான், போய்ப் பாருங்கள்.

உங்கள் நண்பருக்கான பதிலும் இந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறது. உங்கள் டி வில்லையின் ஒளிக்கூம்பு எண் 0.65. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், அது பிரித்துக் காட்டும் எல்லை ஏறத்தாழ 0.42 மைக்ரான். இன்று கடையில் வாங்கும் 0.65 வில்லைக்கும் இதே எல்லைதான். மின்விளக்கு, ஓரம்வரை தெளிவான படம், ஒளிச்சிதறலைக் குறைக்கும் மேற்பூச்சு என்று புதியதில் வசதிகள் உண்டு. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. அலங்காரப் பொருள் என்று அவர் சொன்னது மட்டும் தவறு.

இனி அந்தப் பனிமூட்டம். 1/12 என்பது எண்ணெய் வில்லை. 1878 முதல் ஸைஸ் விற்றது. வில்லைக்கும் சிலைடுக்கும் இடையில் ஒரு சொட்டு தேவதாரு எண்ணெய் விட்டுத்தான் அதில் பார்க்க வேண்டும். எண்ணெய் இல்லாமல் பார்த்திருந்தால் கோளாறு வில்லையில் இல்லை. எண்ணெய் விட்டும் மூட்டமாக இருந்தால் வில்லையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, கண்ணருகு வில்லையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியாக்கி நுனியைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோல் ஒரு படலம் ஒட்டியிருந்தால், முன்னாள் உரிமையாளர் துடைக்காமல் விட்ட எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கிறது. வில்லைத்தாளின் முனையில் துளி சைலீன் கரைப்பான் தொட்டு, ஒற்றி எடுங்கள். துளி என்றால் துளிதான்: உள்ளே வில்லைகளை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் பிசினும் சைலீனில் கரையும். நுனி சுத்தமாக இருந்து, உள்ளே விளிம்பிலிருந்து வானவில் நிறத்தில் படலம் பரவியிருந்தால் அந்தப் பிசினே விட்டுப் போயிருக்கிறது. அதைப் பிரித்து ஒட்டும் வேலையில் நீங்கள் இறங்க வேண்டாம். சிலந்தி நூல்போல் இழைகள் தெரிந்தால் பூஞ்சை. அந்த வில்லையை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

விற்பவர்கள் உங்களிடம் அபோக்ரோமாட் வில்லைகளைத் தூக்கிப் பேசுவார்கள். ஓட்டோ ஷாட் 1884-இல் யெனாவில் தொடங்கிய கண்ணாடிக் கூடத்தின் புதுவகைக் கண்ணாடிகளையும் ஃப்ளோரைட் படிகத்தையும் சேர்த்து ஆபே 1886-இல் வெளியிட்டவை அவை. நிறப்பிழை திருத்தத்தில் அன்று அவற்றுக்கு இணையில்லை. ஆனால் ஆரம்ப காலத்தில் பயன்படுத்திய சில கண்ணாடிகள் நிலைத்து நிற்காமல் காலப்போக்கில் மங்கிவிட்டன. எழுத்திட்ட எளிய வில்லைகளோ பெரும்பாலும் இன்றும் தெளிவாக இருக்கின்றன. இதனால், மலிவாகக் கிடைக்கும் டி வில்லை, பலமடங்கு விலையுள்ள ஆரம்பகால அபோக்ரோமாட்டைவிட நன்றாகக் காட்டும் வேடிக்கை சேகரிப்பாளர்களுக்கு அடிக்கடி நேரும். ‘ராபர்ட் கோச் பயன்படுத்திய வகை’ என்று சொல்லி விலையை ஏற்றுவதும் உண்டு. காசநோய்க் கிருமியை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்த கோச், யெனாவின் வில்லைகளைக் கொண்டாடியது உண்மை. அதற்காக உங்கள் நூறு யூரோவைக் கொடுக்கத் தேவையில்லை.

ஏமாந்தீர்களா என்று கேட்டீர்கள். அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, உங்கள் டி வில்லை சொல்லும். ப்ளூரோசிக்மா அங்குலாட்டம் என்ற டயாட்டத்தின், அதாவது ஓடுள்ள ஒரு நுண்பாசியின், சிலைடு ஒன்று வாங்குங்கள். அந்தக் காலத்திலிருந்தே வில்லைகளைச் சோதிக்க இதைத்தான் வைத்திருக்கிறார்கள். லேசாக வளைந்த படகுபோல் இருக்கும் அதன் ஓட்டில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,000 கோடுகள் உண்டு, அதாவது அரை மைக்ரானுக்கு ஒன்று. மேகம் மூடிய பகலில் ஜன்னலருகே வைத்து, கீழே உள்ள வட்டக் கண்ணாடியை வானத்தை நோக்கித் திருப்புங்கள். முதலில் வெறும் பழுப்பு ஓடுதான் தெரியும். கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஒளியைப் பக்கவாட்டில் விட்டு, நுண்திருகை முடியளவு நகர்த்துங்கள். ஏதோ ஒரு கணத்தில் ஓடு முழுவதும் மெல்லிய சாய்வுக் கோடுகள் பாய் முடைந்ததுபோல் எழும்பி வரும். வந்தால், நீங்கள் கொடுத்த விலை எதுவானாலும் சரிதான்.

அம்மாவிடம், புளியைக் குத்துவிளக்குக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.