எல்லைப் பக்கம் பறவை பார்க்க: வாசகர் கேள்வி பதில்

பீடோங்கிலிருந்து பெர்லிஸ் எல்லை வரை காரில் போய், ஒரே நாளில் பறவை பார்த்துத் திரும்ப ஆசை. பெரியவர்கள் மூவர், பத்து வயதுப் பையன் ஒருவன். சூப்பிங், தீமா தாசோ ஏரி, வாங் கெலியான், கோல பெர்லிஸ், கங்கார் என்று எழுதி வைத்திருக்கிறோம். எந்த வரிசையில் போகலாம்?
வாசகர், பீடோங்

முதலில் கோல பெர்லிஸையும் கங்காரையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பையனை வைத்துக்கொண்டு மூன்று இடம் பார்ப்பதே பெரிய காரியம். இந்தப் பயணத்தில் தூரத்தைவிட வெயிலைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி சூப்பிங்கில் பதிவான 40.1 டிகிரிதான் மலேசியாவின் உச்ச வெப்பம். காலை பத்து மணி தாண்டினால் அந்த வெட்டவெளியில் கானல் அலையடிக்கும். பருந்தின் இறக்கை நிறம் கரைந்து போகும், எந்தத் தொலைநோக்கியும் உதவாது. அதனால் சூப்பிங் முதலில், ஏரி அடுத்து, காடு கடைசியில்.

ஜனவரியில் அந்தப் பக்கம் சூரியன் தலைகாட்ட ஏழரை ஆகும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும். செம்பனைத் தோட்டத்துச் சாலையை மெதுவாகவே கடந்து போங்கள், விளக்கு வெளிச்சத்தில் வேலிக் கம்பத்து மேல் கூகை தெரிந்தாலும் தெரியும். நெடுஞ்சாலையில் சங்லூன் வரை போய் மேற்கே திரும்புங்கள். பெட்ரோல், கழிவறை எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

சூப்பிங் முன்பு கரும்புத் தோட்டம். இன்றும் திறந்தவெளி மிச்சம் இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து வரும் பூனைப்பருந்துகளுக்காகத்தான் இங்கே போவது. காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே உட்காருங்கள். காரைப் பறவை பொருட்படுத்தாது, ஆள் இறங்கினால் உடனே கிளம்பிவிடும். எஞ்சின் ஓடினால் அந்த அதிர்வில் தொலைநோக்கியும் ஆடும். இறக்கை இரண்டையும் சற்றே மேலே தூக்கிப் பிடித்து, புல்நுனியை உரசுகிற உயரத்தில் சாய்ந்து சாய்ந்து மிதந்து வந்தால் அது பூனைப்பருந்து. தலையும் முதுகும் கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கை சாம்பல் என்றால் கறுப்பு வெள்ளைப் பூனைப்பருந்தின் ஆண். பழுப்பாக இருப்பவற்றுக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள். இரண்டு மூன்று இனத்தின் பெட்டைகளும் குஞ்சுகளும் கிட்டத்தட்ட ஒரே சாயலில் இருக்கும். வாலடி, இறக்கையின் அடிப்பக்கம் இரண்டும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வந்து வீட்டில் ஒப்பிடுங்கள்.

மின்கம்பியில் பனங்காடையைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பதற்கு நெருங்கிய உறவு இது. ஆனால் மார்பு கருத்திருக்கும், அங்கே காண்கிற வெள்ளைக் கோடுகள் இதற்கு இல்லை. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரிகிற பறவை, பறந்ததும் நீல இறக்கையை விரிக்கும். பையனுக்கு முதலில் அதைக் காட்டுங்கள். வாயிற்கதவு போட்ட நிலமெல்லாம் தனியார் நிலம். கேட்காமல் உள்ளே போக வேண்டாம்.

பத்தரைக்குள் தீமா தாசோ. 1992-இல் முடிந்த அணைக்கட்டு இது. கரையோர நீர்ச்செடிகளுக்கு மேல் நீலத்தாழைக்கோழி நீண்ட விரலை அகட்டி வைத்து நடப்பதை நிழலில் நின்றபடியே பார்க்கலாம். சீழ்க்கைச்சிறகியைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும்.

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பறவைக்கும் ஓய்வு, உங்களுக்கும் ஓய்வு. வெள்ளிக்கிழமையானால் மதியத் தொழுகை நேரத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும். நோன்பு மாதத்தில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீருக்குக் குறையக் கூடாது.

பிறகு காக்கி புக்கிட் வழியாக வாங் கெலியான். மலைச்சாலை செங்குத்து. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். சுண்ணாம்புக்கல் மலைக்காட்டில் சோலைபாடிப் பறவையின் பாட்டு சாயங்காலத்திலும் கேட்கும். மூங்கில் புதர்ப் பக்கம் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். பதிவுசெய்த பாட்டைப் போட்டு அதைக் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டு அலையும். தாய்லாந்து எல்லைச் சந்தைக்குக் கடப்பிதழ் இல்லாமல் போய்வந்த வழக்கம் 2015-இல் நின்றுவிட்டது. ஐ.சி. (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும், பெர்லிஸ் மாநிலப் பூங்கா அலுவலகத்தில் சொல்லிவிட்டு நடங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். ஆறு மணிக்குத் திரும்புங்கள்.

எங்கள் பக்கத்து பெண்டாங்கில் (நெல்வயலில்) உழவு நடக்கும்போது பெரிய வெள்ளைப் பறவைகள் கூட்டமாக இறங்குகின்றன. சிலர் கொக்கு என்கிறார்கள், சிலர் நாரை என்கிறார்கள்.
வாசகி, ஜித்ரா

பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். மடக்கி வைத்திருந்தால் கொக்கு, நீட்டியிருந்தால் நாரை. உங்கள் பக்கம் கூட்டமாக இறங்கும் நாரை பெரும்பாலும் நத்தை குத்தி நாரையாகத்தான் இருக்கும். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். குஞ்சுப் பருவத்தில் அந்தச் சந்து இருக்காது, பலர் ஏமாறுவது அங்கேதான். அவற்றை இழுத்து வருவது நெல்லை அழிக்கும் தங்க நத்தை. ஓட்டை நொறுக்காமல், கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை உருவி எடுக்கும். நாற்றுக்குக் காவல் நிற்கிற பறவை அது. விரட்ட வேண்டாமென்று பக்கத்து வயல்காரர்களுக்கும் சொல்லுங்கள்.

தொலைநோக்கி 8x42 வாங்கவா, 10x42 வாங்கவா? இரவல் வாங்கிப் போனதில் கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிட்டது.
வாசகர், பாடாங் செராய்

8x42 வாங்குங்கள். பத்து மடங்கில் கைநடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறையும். முன்கண்ணாடியின் விட்டமான 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25, பத்தால் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் மில்லிமீட்டர் அளவு அது. விடியற்காலையிலும் காட்டுக்குள்ளும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மூக்குக்கண்ணாடி போடுபவரானால் கண்வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியது: வலது பக்கத்தை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலது வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். அதற்குமேல் நடுச்சக்கரம் ஒன்றே போதும்.

பனி படிவது ஏர்கோனால். குளிர்ந்த கண்ணாடி ஈரக்காற்றில் பட்டதும் நீர் பூக்கும். போய்ச்சேர இருபது நிமிடம் இருக்கும்போதே ஏர்கோனை நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள். சட்டையால் துடைக்காதீர்கள், தூசு கீறிவிடும்.

மகள் டெக்சஸில் படிக்கிறாள். ஏப்ரல் கடைசியில் அவளோடு மெக்சிகோ எல்லையோரம் காரில் போகப் போகிறோம். ஒரு நாளில் என்ன பார்க்கலாம்?
வாசகி, கூலிம்

ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கு அது நல்ல மாதம். விடிந்ததும் சாந்தா ஆனா சரணாலயத்துக்குப் போங்கள். 1943-இல் ஏற்பட்டது. அமெரிக்காவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத பச்சை ஜே, சச்சலாகா, கிஸ்கடி ஆகிய மூன்று பறவைகளும் அங்கே உண்டு. அல்டமிரா ஓரியோலின் கூடு கிளை நுனியில் நம் தூக்கணாங்குருவிக் கூட்டைப் போல நீளமாகத் தொங்கும். வெயில் ஏறியதும் வெஸ்லாகோ ஊரில் உள்ள எஸ்டெரோ யானோ கிராண்டே பூங்கா. அங்கே நீர்ப்பறவைகளை நிழலில் உட்கார்ந்தே பார்க்கலாம். வடக்குக் காற்றோடு மழையும் வந்தால் திட்டத்தை மாற்றி நேரே சவுத் பாட்ரே தீவுக்குப் போய்விடுங்கள். மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து வரும் சிறு பறவைகள் எதிர்காற்றில் களைத்து, கரையில் கண்ட முதல் மரத்திலேயே இறங்கிவிடும். அவற்றை நெருங்காதீர்கள், இரை தேடித் தெம்பேற விடுங்கள்.

திரும்பி வடக்கே வரும்போது ஃபால்ஃபூரியஸ் போன்ற இடங்களில் குடிநுழைவுச் சோதனைச்சாவடி இருக்கும். உங்கள் கடப்பிதழ், விசா, மகளின் மாணவர் தாள்கள் எல்லாம் பெட்டியில் இல்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.