பொன்னியின் செல்வன் முடித்தாயிற்று. பெங்களூரில் இருந்துகொண்டு அடுத்து என்ன படிக்கலாம்?

கேள்வியில் இருப்பது இவ்வளவு: பெங்களூரில் வேலை, பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முடிந்தது, இன்னும் சரித்திர நாவல் வேண்டும், கூடவே உண்மையில் என்ன நடந்தது என்றும் தெரிய வேண்டும், கன்னடம் ஓரளவு வாசிக்க வரும்.

பட்டியல் போட்டால் ஐம்பது தலைப்பு வரும். ஐந்தைக்கூட யாரும் முடிப்பதில்லை. ஜோடி சேர்த்துப் படியுங்கள். ஒரு நாவல், அதற்கு அடுத்து அதே காலத்தைப் பற்றிய ஒரு வரலாற்று நூல் அல்லது மூல ஆவணம். நாவல் முந்தி, ஆவணம் பிந்தி. மாற்றிச் செய்தால் நாவலின் முடிச்சுகள் முன்பே அவிழ்ந்துவிடும், ஆவணமோ வறட்டுப் பெயர்க் குவியலாகத் தெரியும்.

முதல் ஜோடிக்குப் புது நாவலே வேண்டாம், கையில் இருப்பது போதும். ஆனால் நீங்கள் படித்தது முழுப் பதிப்புதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள், சுருக்கப் பதிப்பும் நிறையப் புழங்குகிறது. அத்தியாயக் கணக்கு 57, 53, 46, 46, 91. மொத்தம் 293. இதில் குறைந்தால் யாரோ கத்தரி போட்டிருக்கிறார்கள். கடைசியில் கல்கியின் முடிவுரையும் இருக்க வேண்டும்.

நாவல் தொடங்குவது வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு நாளில். அந்த ஏரிக்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில், கதையின் மையமான ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளான’ என்று சொல்லிவிட்டு சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர் அடுக்குகிறது. நாவலின் ரவிதாசனும் சோமன் சாம்பவனும் இந்தக் கல்லிலிருந்து இறங்கி வந்தவர்கள்தான். பட்டங்களைக் கவனியுங்கள். பிரமாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்கு அரசர் தந்த பட்டம். பஞ்சவன் பாண்டியனைக் குறிக்கும் பெயர். இருமுடிச்சோழன் என்பதோ சோழப் பட்டம். இவர்கள் உடன்பிறந்தவர்கள்; ஒருவனுக்குப் பாண்டிய வாடை, இன்னொருவனுக்குச் சோழ வாடை. கொலை பாண்டியப் பழிவாங்கலா, அரண்மனை உட்பூசலா என்ற சண்டை ஓயாததற்கு இந்த இரண்டு சொற்களும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் காலக்கணக்கு. ராஜராஜன் பட்டமேற்றது 985. இரண்டாம் ஆண்டு என்றால் 986 வாக்கில். கொலைக்கும் அதற்கும் நடுவில் உத்தம சோழன் பதினைந்து ஆண்டு ஆண்டிருக்கிறான். அதுவரை தண்டனை இல்லையா? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்படுகிறார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்பதில்லை. கல்வெட்டு பேசுவது துரோகிகளின் சொத்தைப் பற்றித்தான், தண்டனை எப்போது கொடுத்தார்கள் என்று அது சொல்லவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். சாஸ்திரியின் ‘சோழர்கள்’ (ஆங்கில மூலம் 1935, 1937, திருத்திய பதிப்பு 1955), பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ இரண்டையும் எடுத்து, இந்தப் பகுதியை மட்டும் அடுத்தடுத்துப் படித்தால் வரலாறு எழுதுவது எப்படி நடக்கிறது என்பது இரண்டு மணி நேரத்தில் பிடிபடும். சாஸ்திரியை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தவர்களில் பாதிப்பேர் சங்க காலத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சுந்தர சோழனிலிருந்து ராஜேந்திரன் வரை முதலில் முடியுங்கள், பிறகு முன்னும் பின்னும் போகலாம். அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள், சாஸ்திரியின் தயக்கமெல்லாம் அங்கேதான் இருக்கும்.

வந்தியத்தேவன் கற்பனையா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். பெயர் கற்பனை இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையை ‘வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்’ என்றே குறித்திருக்கிறார்கள். அதைத் தாண்டி நாவலில் அவன் செய்யும் சாகசம் அத்தனையும் கல்கி. நந்தினி, பூங்குழலி முழுக்கக் கற்பனை. சேந்தன் அமுதன்தான் உண்மையான உத்தம சோழன் என்ற திருப்பமும் கல்கியின் கைவேலை. வரலாற்றில் உத்தம சோழன் கண்டராதித்தனுக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன் என்பதில் குழப்பம் இல்லை.

கல்வெட்டு வாசகத்தைத் தொடும்போது புதியவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சோழ அரசர்கள் மாறி மாறி ராஜகேசரி, பரகேசரி என்று பட்டம் வைத்துக்கொண்டார்கள். ‘கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு’ என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பரகேசரி என்பதை எழுத்தமைதி, ஊர், அதிகாரி பெயர் எல்லாம் வைத்துத்தான் சொல்ல முடியும். சில நூல்கள் இதைச் சொல்லாமல் ஒரு பெயரை ஒட்டிவிட்டுப் போய்விடும். அப்படிப்பட்ட நூலில் ஆண்டுக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

சோழர் காலத்து ஊரும் நிலமும் எப்படி இருந்தன என்று தெரிய, அரசர் கதையை விட்டு ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபோரு கராஷிமாவிடம் போங்கள். திருச்சிப் பக்கத்து இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்கிறார். அல்லூர் வேளாண் ஊர், ஈசானமங்கலம் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். முதலாவதில் நிலத்தை ஊரார் கூட்டாக வைத்திருந்தார்கள், இரண்டாவதில் தனித்தனி ஆட்கள் வாங்கி விற்றார்கள் என்று கல்வெட்டுகளை எண்ணியே காட்டுகிறார். அரண்மனைச் சூழ்ச்சி எதுவும் இல்லாத எழுத்து, இருந்தாலும் விறுவிறுப்பு. ஒய். சுப்பராயலுவின் சோழ நாட்டு அரசியல் புவியியல் நூலை (1973) வரைபடத்துக்காகவே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாடு எங்கே என்று தெரியாமல் கல்வெட்டைப் படிப்பது பின்கோடு இல்லாமல் கடிதம் தேடுவது மாதிரி.

பாலகுமாரனின் ‘உடையார்’ ஆறு பாகம், கோயில் கட்டும் வேலையைச் சுற்றியது. நீளம் அதிகம், ஆனால் தச்சர், சிற்பி, கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டிர் என்று அரசனுக்கு வெளியே கண் போகிறது. இதற்குக் குடவாயில் பாலசுப்ரமணியனின் ‘இராஜராஜேச்சரம்’ ஜோடி. கோபுர நிழல் தரையில் விழாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை இதோடு தலைமுழுகிவிடலாம். விழும்.

கடல் பக்கம் போக ஆசைப்பட்டால் சாண்டில்யனின் ‘கடல் புறா’, மூன்று பாகம். நாயகன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப்பரணியின் தளபதி. வர்ணனைகளைச் சற்றுத் தாண்டித் தாண்டிப் போனால் குற்றமில்லை. அதற்குப் பிறகு ‘நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணதுவீபத்துக்கு’ என்ற பொருளில் தலைப்பிட்ட, 2009இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு. ராஜேந்திரன் 1025இல் ஏன் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கப்பல் விட்டான் என்பதற்கு அதில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத பதில்கள் கிடைக்கும்.

என் கணக்கில் தமிழின் சிறந்த ஜோடி சோழர் காலத்தில் இல்லை, பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் இருக்கிறது. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ (இரண்டாவதுக்கு 1995 சாகித்திய அகாதெமி விருது) இரண்டும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பின் மேல் எழுந்தவை. பிள்ளை 1736இல் எழுத ஆரம்பித்து 1761 வரை எழுதினார். வியாபாரி, பிரெஞ்சுக்காரர்களின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். அதனால் எதைப் பார்த்தாலும் எண்ணுவார்: எத்தனை குண்டு மரியாதை, எத்தனை வராகன், யாருக்கு என்ன சால்வை. அரசவைப் புலவர் மறைப்பதை இவர் கணக்காக எழுதிவிடுகிறார். ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதி (1904 முதல் 1928 வரை), இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசம். முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தது ஒரு வாசல். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதற்கு நடுவே வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டது இன்னொரு வாசல். தலைப்புப் பக்கத்துத் தேதியைப் பார்த்து அந்தத் தொகுதியைத் திறந்து, அதே நிகழ்ச்சியைப் பிரபஞ்சனில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நாவலாசிரியர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்று கோடு போடலாம்.

சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஆட்கள் வந்து வந்து போவார்கள், ஒரு நாயகனைத் தேடினால் தோற்றுப்போவீர்கள். மதுரையும் அதன் கோட்டையும்தான் நாயகர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை இடிகிற பகுதி வரும்போது பொறுமைக்கு வட்டியோடு கிடைக்கும். சத்தியநாத ஐயரின் மதுரை நாயக்கர் வரலாறு (1924) முற்பகுதிக்குத் துணை.

ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ பஞ்ச காலச் சென்னை. இதற்கு வில்லியம் டிக்பி 1878இல் எழுதிய இரண்டு தொகுதிப் பஞ்ச வரலாற்றை எடுங்கள். பெங்களூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் காரணம், மைசூர் மாகாணமும் அதில் தனியாக வருகிறது. ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா என்று கூலியைக் குறைத்தார். தானியம் கிட்டத்தட்ட 450 கிராம், கல் உடைக்கும் ஆளுக்கு. சமையலறைத் தராசில் அரிசியை நிறுத்துப் பார்த்துவிட்டு நாவலைத் தொடருங்கள்.

கன்னடம் வரும் என்றதால் மூன்று. தமிழ் தாய்மொழியான மாஸ்தி கன்னடத்தில் எழுதிய ‘சிக்கவீர ராஜேந்திர’: 1834இல் குடகு ஆங்கிலேயர் கைக்குப் போன கதை, மன்னனைப் புனிதனாக்காத நாவல். தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. த. ரா. சு.வின் ‘துர்காஸ்தமான’: சித்ரதுர்க்கத்தின் கடைசி நாயக்கன். கே. வி. ஐயரின் ‘சாந்தலா’: ஹொய்சள அரசி. பெங்களூரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திப் பெயர் வாங்கிய அதே ஐயர்தான்.

புத்தகம் எங்கே? அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் முதலில் பாருங்கள். மயிலை சீனி. வேங்கடசாமி போன்ற நாட்டுடைமை ஆசிரியர்களும் பல கல்வெட்டுத் தொகுதிகளும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இருக்கின்றன. சென்னையிலிருந்து தொகுதிகளை வரவழைத்தால் பிரித்தவுடன் 16 பக்கத்துக்கு ஒருமுறை பக்க எண்ணைச் சரிபாருங்கள். ஒரு ஃபாரம் (16 பக்க மடிப்பு) விட்டுப்போவதும் இரண்டு முறை தைக்கப்படுவதும் தடி நாவல்களில் சகஜம், ஆறு மாதம் கழித்துச் சொன்னால் கடையில் மாற்ற மாட்டார்கள். பழைய ஆங்கில நூல்களின் மலிவு மறுஅச்சில் மடிப்பு வரைபடங்கள் காணாமல் போயிருக்கும். அதற்குப் பழைய பிரதியின் ஸ்கேனே மேல்.

இந்த ஊருக்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது: பி. எல். ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராபியா கர்நாட்டிகா’ என்ற கர்நாடகக் கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதி, 1905, பெங்களூர் மாவட்டம். தாலுகா வாரியாக எண் போட்டு, வாசகமும் மொழிபெயர்ப்பும் தருகிறது. கணிசமான கல்வெட்டுகள் தமிழில். கோலார், பெங்களூர்ப் பக்கம் சோழர் ஆட்சியில் நிகரிலிசோழ மண்டலம். தொம்லூர் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் தோம்பலூர். மடிவாளா சோமேஸ்வரர் கோயில் வெளிச்சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவர் வேப்பூர்க்காரர், அதாவது இன்றைய பேகூர். அந்தப் பேகூரில் 890 வாக்கிலான கன்னட வீரக்கல் ‘பெங்களூரு’ச் சண்டையைக் குறிக்கிறது. வெந்த பயற்றைச் சாப்பிட்டு ஹொய்சள வீரபல்லாளன் ஊருக்குப் பெயர் வைத்தான் என்ற கதையின் நாயகன் பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுக்கும் முன்னால்.

நேரில் போவதென்றால் காலை எட்டுக்கு முன்போ மாலை நான்கரைக்கு மேலோ. வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்தின் பள்ளம் தெரியும். உச்சிவேளையில் சுவர் வெறும் சுவர். சுண்ணாம்போ பெயின்ட்டோ மேலே அடித்திருந்தால் சுரண்டாதீர்கள், மாவு பூசாதீர்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். ரைஸின் வாசகத்தை முன்பே கையால் எழுதிக்கொண்டு போங்கள். முதல் வரி ‘ஸ்வஸ்திஸ்ரீ’ கிடைத்துவிட்டால் மீதியை அங்கிருந்து எண்ணிப் பிடித்துக்கொண்டே போகலாம்.