கேள்வி – பதில்: எக்ஸ்ரே எவ்வளவு, பிளேட் எவ்வளவு?

கேள்வி: அழுத்தக்கலன் வடிவமைப்புப் பிரிவுக்கு நான் புதியவன். இப்போது கையில் இருக்கும் கலனின் உள் அழுத்தம் 1 மெகாபாஸ்கல். அரிமானத்தில் உலோகம் தேய்ந்த பிறகு உள் ஆரம் 1,000 மி.மீ. பிளேட் எஸ்ஏ-516 கிரேடு 70 என்ற கார்பன் ஸ்டீல், அரிமானத்துக்குக் கூடுதலாக 3 மி.மீ. ‘வெல்டு இணைப்புத் திறன் 1.0 போடுங்கள், அதுதான் பாதுகாப்பு’ என்கிறார் வாடிக்கையாளர். ‘நாம் எப்போதும் 0.85தான்’ என்கிறார் என் மேலாளர். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே கணக்குப் போடாமல் பேசுகிறார்கள். நீங்கள் போடுங்கள். வெல்டை எந்த அளவுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறோம் என்பதைக் காட்டும் எண்தான் இணைப்புத் திறன்; அது குறைந்தால் பிளேட்டின் தடிமன் கூடும்.

முதலில், தேர்வு உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தக்கலனுக்கான அமெரிக்க விதித்தொகுப்பான ஏஎஸ்எம்இ பிரிவு 8, பகுதி 1-இன்படி, உயிர்க்கொல்லிப் பொருள் அடங்கும் கலனில் பட் வெல்டுகள் (விளிம்போடு விளிம்பு சேர்ப்பவை) அனைத்துக்கும் முழு ரேடியோகிராஃபி, அதாவது முழு நீளத்துக்கும் எக்ஸ்ரே படம், கட்டாயம். சாதாரண கார்பன் ஸ்டீலில் இணைப்பிடத்துத் தடிமன் 32 மி.மீ.க்கு மேல் போனாலும் அப்படித்தான். உங்கள் கலனில் இவை இல்லையென்றே வைத்துக்கொள்கிறேன். இரு பக்கமும் வெல்டு செய்த பட் இணைப்புக்கு முழுப் படம் எடுத்தால் 1.0, ஆங்காங்கே சில இடத்தில் மட்டும் (ஸ்பாட்) எடுத்தால் 0.85, எடுக்காவிட்டால் 0.70.

இனி ஷெல்லை, அதாவது கலனின் உருளை உடலைப் பார்ப்போம். அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கி, அனுமதித்த தகைவு 138 மெகாபாஸ்கலை இணைப்புத் திறனால் பெருக்கி அதில் அழுத்தத்தின் 0.6 பங்கைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 1.0-க்கு 7.28 மி.மீ., 0.85-க்கு 8.57, 0.70-க்கு 10.42. அரிமானத்துக்கான 3 மி.மீ. சேர்த்தால் 10.28, 11.57, 13.42. இப்போது பிளேட் பட்டியலை எடுங்கள். 10-க்கு அடுத்து 12, அதற்கடுத்து 14. ஆக 1.0 போட்டாலும் 12 மி.மீ. பிளேட், 0.85 போட்டாலும் அதே 12 மி.மீ. பிளேட்! வாடிக்கையாளர் சொல்கிறபடி நெட்டுவாட்டு வெல்டு முழுவதையும் படமெடுத்தால் ஷெல்லில் ஒரு கிலோ இரும்புகூட மிச்சமாகாது. ஆரம் சற்றே குறைந்து 10.28 என்பது 9.9 ஆகியிருந்தால் நானே 1.0 போடச் சொல்லியிருப்பேன். அதனால்தான் ‘எப்போதும் 0.85’ என்ற பழக்கத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு கலனுக்கும் மூன்று எண்ணையும் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சுற்று வெல்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதன் மீது விழும் தகைவு ஏறக்குறைய பாதிதான், 0.70 வைத்தாலும் 5.17 மி.மீ. தான் கேட்கிறது.

உங்கள் கவனம் போக வேண்டிய இடம் டிஷ் எண்ட், அதாவது ஷெல்லின் முனையை மூடும் குவிந்த மூடி. அதில் வெல்டே இல்லையே, திறன் 1.0தானே என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. டிஷ் எண்டை ஷெல்லோடு சேர்க்கும் சுற்று வெல்டில் ஸ்பாட் ரேடியோகிராஃபி செய்திருந்தால்தான் 1.0, இல்லாவிட்டால் 0.85. உங்கள் கலனுக்கு 2:1 நீள்வட்ட டிஷ் எண்ட் என்றால், அரிமானம் சேர்த்து முன்னதற்கு 10.25 மி.மீ., பின்னதற்கு 11.53 மி.மீ. 12 மி.மீ. பிளேட்டை அச்சில் அழுத்தும்போது வளைவுப் பகுதியில் ஒரு மி.மீ. மெலிந்துவிட்டது என்று வையுங்கள். மிஞ்சுவது 11. படமெடுத்தவருக்கு அது தாராளம். எடுக்காதவர் 14 மி.மீ. பிளேட் வாங்கியாக வேண்டும். 150 மி.மீ. நீளப் படம் இங்கே எவ்வளவு சம்பாதித்துத் தருகிறது, பாருங்கள்! ஆனால் இந்தப் படங்களை வேறு வெல்டுகளுக்கான ஸ்பாட் கணக்கில் காட்டக்கூடாது, இவை தனி.

ஆக, என் பரிந்துரை: ஷெல்லுக்கு 0.85, டிஷ் எண்டுக்கு 1.0. இரண்டையும் வரைபடத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். வெல்டு முடிந்து பெயின்டும் அடித்த பிறகு படமெடுக்கச் சொன்னால் பட்டறையில் சண்டைதான் வரும்.

ஸ்பாட் என்றால் மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். 15 மீட்டர் வெல்டுக்கு ஓர் இடம், வேலை செய்த ஒவ்வொரு வெல்டரின் கைவேலையும் அதில் அடங்க வேண்டும். எந்த இடம் என்பதை வெல்டு முடிந்த பிறகு ஆய்வாளர் தேர்வு செய்வார். அது தேறாவிட்டால் அதே நீளத்தில் இன்னும் இரண்டு இடம். அவற்றில் ஒன்று தேறாவிட்டாலும் அந்த நீளம் முழுவதையும் வெட்டியெடுத்து மறுபடி வெல்டு செய்யலாம், அல்லது முழுவதையும் படமெடுத்துக் குறையுள்ள இடங்களைச் சரிசெய்யலாம். வெல்டர்களின் கை மீது நம்பிக்கை இருந்தால் மட்டுமே 0.85-ஐத் தொடுங்கள்.

கேள்வி: 0.85 என்றால் வெல்டு, பிளேட்டின் வலிமையில் 85 சதவீதம்தான் தாங்கும் என்று பொருளா?

பதில்: இல்லை. வெல்டிங் முறையைத் தகுதிபெறச் செய்யும்போதே இழுவைச் சோதனையில் இணைப்பு பிளேட்டுக்கு நிகராக நின்றாக வேண்டும். அதில் தோற்ற முறையைக் கலனில் பயன்படுத்தவே முடியாது. இணைப்புத் திறன் சொல்வது, அந்த வெல்டை நாம் எந்த அளவுக்குப் பார்த்திருக்கிறோம் என்பதை. பார்க்காத இடத்துக்குள் குறை ஒளிந்திருக்கலாம் என்பதால் விதி கூடுதல் தடிமன் கேட்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து வெல்டு செய்தோம் என்பதும் இதில் சேரும்: ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்து, வெல்டுக்கு அடியில் வைத்த அடிப்பட்டையை அப்படியே விட்டுவிட்டால் 0.90, 0.80, 0.65 என்று மூன்றுமே இறங்கிவிடும். அடிப்பட்டையும் இல்லையென்றால் 0.60; எத்தனை படம் எடுத்தாலும் அது ஏறாது.

கேள்வி: முழு வெற்றிடத்தில் இயங்கும் கலனுக்கு எதைத் தேர்வு செய்வது?

பதில்: வெற்றிடக் கணக்கில் இணைப்புத் திறன் வரவே வராது. அங்கே வெல்டு அமுக்கப்படுகிறது. பட் இணைப்புக்கு 1.0தான். தடிமனைத் தீர்மானிப்பது ஷெல் நெளிந்து உள்வாங்குமா என்பதே, அதை விறைப்பு வளையங்கள் வைத்துச் சமாளிக்க வேண்டும். அதே கலனுக்கு உள் அழுத்தமும் இருந்தால் இரண்டு கணக்கையும் போடுங்கள். வெற்றிடம்தான் கூடுதல் தடிமன் கேட்கிறது என்றால், உள் அழுத்தக் கணக்குக்கு 0.70 போதுமா என்று பாருங்கள், பெரும்பாலும் போதும்.